பம்பருக்கு எண்ணெய்க் காப்பு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கள்ளக்குறிச்சியில எந்த வாட்டர் சர்வீஸ் கடைக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. சேலம் ரோடோ, சங்கராபுரம் ரோடோ, கச்சிராயபாளையம் ரோடோ, எல்லா இடத்துலயும் ஒரே காட்சிதான். எக்ஸெல், பைக், கரும்பு இழுக்கிற டிராக்டர், மரவள்ளிக் கிழங்கு ஏத்தற டாடா ஏஸ், கல்யாணத்துல வந்த பொலிரோன்னு ரேஷன் கடை மாதிரி வரிசை கட்டி நிக்கும். தண்ணி அடிப்பாங்க, நுரை போடுவாங்க, திரும்பத் தண்ணி அடிப்பாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா ஒரு பையன் வருவான். ஒரு கையில தலை வெட்டின தண்ணி பாட்டில். இன்னொரு கையில பனியன் துணி. பாட்டில்ல இருக்கிறது டீசல். சில கடையில டீசலோட பழைய என்ஜின் ஆயிலும் சேர்ந்திருக்கும். வண்டியில கருப்பா எதெல்லாம் கண்ணுக்குத் தெரியுதோ அதுமேல எல்லாம் தடவுவான். நரைச்சுப் போய்க் கிடந்த பம்பர் ஒரே நிமிஷத்துல ஷோரூம் கருப்பாயிடும். ஓனர் முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க. பையனுக்கு டீக்காசு கிடைக்கும்.

இந்தப் பதிவு அந்தப் பாட்டிலுக்கு எதிரா.

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை, கெமிஸ்ட்ரி வாத்தியாரும் இல்லை. ஞாயித்துக்கிழமை வண்டி துடைக்கிறது எனக்குப் பொழுதுபோக்கு. சில பேர் மீன் தொட்டி வைப்பாங்க, சில பேர் கவிதை எழுதுவாங்க, நான் பழைய டூத் பிரஷ் வச்சு பம்பர் இடுக்கைத் தேய்ப்பேன். வீட்டுல இதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க, அதை இங்க எழுத முடியாது :-)

இவ்வளவு கோவம் எதுக்குன்னு கேக்கறீங்களா? ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. வெள்ளிமலைப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல காதுகுத்து. முந்தின நாள் சாயங்காலம் பைக்கை ஒரு கடையில விட்டேன் (எந்தக் கடைன்னு கேக்காதீங்க, எல்லாக் கடையிலயும் இதே கதைதான்). வாங்கும்போது வண்டி ஜொலிச்சுது. நானும் அந்தப் பையனுக்கு இருபது ரூபா குடுத்துட்டுத்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். காலையில வீட்டம்மாவைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு கிளம்பியாச்சு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ரோடு ஏற ஆரம்பிச்சாச்சு. மூணாவதோ நாலாவதோ வளைவு. மேல இருந்து பஸ் இறங்குது. பின் பிரேக்கை மிதிக்கிறேன், கால் பெடல்ல நிக்கல. சோப்புக் கட்டியை மிதிச்ச மாதிரி வழுக்கிட்டு கீழ போயிடுச்சு. அதே நேரம் பின்னாடி ஃபுட்ரெஸ்ட்ல இருந்து அவங்க காலும் நழுவி, என் தோளைப் பிடிச்சு இழுக்கிறாங்க. முன் பிரேக்கைப் பிடிச்சு, வண்டி ஆடி, ஓரத்துல மண்ணுல போய் நின்னுச்சு. பஸ் டிரைவர் ஜன்னல் வழியா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனார். நியாயமான வார்த்தைதான்.

இறங்கிப் பார்த்தா பெடல் ரப்பர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், ஹேண்டில் கிரிப் நுனி, டயர் ஓரம் எல்லாம் பளபளபளன்னு எண்ணெய். கருப்பா இருக்கிற எல்லாத்துக்கும் தடவுறதுதானே அந்தப் பையன் வேலை? பிரேக் பெடலும் கருப்புதானே? அவனுக்கு யாரும் வித்தியாசம் சொல்லித் தரலை. வீட்டம்மா புடவையில ஒட்டின கறையைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க: "வண்டி மின்னினா மட்டும் போதுமா, நிக்க வேணாமா?"

அன்னிக்கு பெரியார் அருவியில கால் கழுவினதை விட பெடல் கழுவினதுதான் அதிகம்.

அதுக்கப்புறம்தான் இந்த நரைச்ச கருப்புக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

பம்பர், மட்கார்டு, வீல் ஆர்ச் மேல இருக்கிற கருப்பு பட்டை, வைப்பருக்குக் கீழ இருக்கிற பலகை இதெல்லாம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அல்லது அதோட ரப்பர் கலந்த வகை. 1954ல இத்தாலிக்காரர் ஜூலியோ நட்டா உருவாக்கிக் காட்டின பிளாஸ்டிக், 1963ல அவருக்கும் ஜெர்மனியோட கார்ல் சீக்லருக்கும் நோபல் பரிசு வாங்கிக் குடுத்த வேலையில சேர்ந்தது. பெருசா நினைக்க வேணாம். கல்யாண மண்டபத்துல அடுக்கி வச்சிருப்பாங்களே சேர், அதுவும் இதே சாதிதான். அந்த சேரை நாலு வருஷம் வாசல்ல போட்டு வச்சா என்ன ஆகுது? வெளுத்து, சொரசொரன்னு ஆகி, உட்கார்ந்து எந்திரிச்சா பேண்ட்ல வெள்ளையா மாவு ஒட்டும். பம்பருக்கு வர்றதும் அதே வியாதிதான்.

வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரும், காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோல்ல இருக்கிற நீளமான பிளாஸ்டிக் சங்கிலியைத் துண்டு துண்டா நறுக்குது. சூடு அந்த வேலையை வேகப்படுத்துது. மேல்தோல் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடுது. ஏரி வத்தினா வண்டல் வெடிக்குமே, அந்த மாதிரி. அந்த வெடிப்புல பட்டு வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுறதுதான் நமக்கு வெள்ளையா, சாம்பலாத் தெரியுது.

அதாவது கருப்பு எங்கயும் போயிடலை. உள்ள அப்படியேதான் இருக்கு. இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது. கருப்புக்குக் காரணமான கார்பன் பிளாக், அதாவது சுத்தமான கரித்தூள், அதுவே ஒரு வெயில் தடுப்பு. நம்ம கழனியில சொட்டுநீர்க் குழாய் ஏன் கருப்பா இருக்கு? அழகுக்கா? வெயில்ல வருஷக்கணக்கா கிடக்கணும்னுதான் கரி சேர்க்கிறாங்க. சாயம் போச்சு, சாயம் போச்சுன்னு நாம சொல்றோம். போனது சாயமில்லை, தோல்.

இப்ப எண்ணெய் தடவினா ஏன் கருக்குது? சின்ன வயசுல சிலேட்டை எச்சில் தொட்டு அழிச்சிருக்கோம்ல. ஈரமா இருக்கிற வரைக்கும் சிலேட்டு கன்னங்கரேல்னு இருக்கும், காய்ஞ்சதும் சாம்பல். அதே கதைதான். வெடிப்புக்குள்ள எண்ணெய் போய் நிறைஞ்சதும் வெளிச்சம் சிதறல் நின்னுடுது, உள்ள இருக்கிற கருப்பு தெரியுது. கோயில்ல கருங்கல் சாமிக்கு எண்ணெய்க் காப்பு சாத்தினா மேனி எப்படி மின்னுது? நாலு நாள் விட்டா திரும்ப சாம்பல் பூத்துடும். சாமிக்கு தினமும் எண்ணெய் சாத்த குருக்கள் இருக்கார். உங்க பம்பருக்கு யார் இருக்கா?

நம்ம ஊர் வெயிலைப் பத்தியும் ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றே முக்கால் டிகிரி வாக்கில இருக்கு. அதனால வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் மூணாம் வாரத்துலயும் ஆகஸ்ட் பிற்பாதியிலயும், மத்தியானம் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்குது. மலைக்குப் போனா சில்லுனு இருக்கு, அங்க வெயில் கம்மின்னு நினைக்காதீங்க. 1000 மீட்டர் ஏறினா புற ஊதா கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு கூடும். கல்வராயன்ல இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்துல நிறுத்தி வைக்கிற ஜீப்புக்கு வேர்க்காது, ஆனா தோல் உரியும்.

சரி, இந்த டீசல் பழக்கம் எங்க இருந்து வந்துச்சு? இதுல நம்ம பெரியவங்களைக் குறை சொல்லவே முடியாது. அவங்க காலத்து வண்டி இரும்பு. அம்பாசடர்ல பம்பர் இரும்பு, லாரியில அடிச்சட்டம் இரும்பு, வில்பட்டை இரும்பு, டிராக்டர்ல எல்லாமே இரும்பு. கழுவினா துரு பிடிக்கும். அதனால கழுவி முடிச்சதும் கீழ்ப்பக்கம் டீசலோ ஆயிலோ அடிச்சா தண்ணி அண்டாது. அது அறிவு. இரும்புக்கு எண்ணெய் மருந்து. இரும்பு போய் பிளாஸ்டிக் வந்துச்சு. மருந்துச் சீட்டை மட்டும் நாம மாத்தலை. துருவே பிடிக்காத ஒரு பொருளுக்குத் துரு மருந்து தடவிக்கிட்டு இருக்கோம், முப்பது வருஷமா.

"தடவினா என்னங்க நஷ்டம், நாலு நாளைக்குப் பார்க்க அழகா இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு சொல்றவங்களுக்குத்தான் அடுத்து.

முதல்ல புழுதி. நம்ம செம்மண் ரோட்டுல எண்ணெய் பூசின வண்டியை எடுத்துட்டு ஒரு நடை தியாகதுருகம் போயிட்டு வாங்க. பம்பர் மேல வடைக்கு மாவு புரட்டின மாதிரி மண்ணு ஒட்டியிருக்கும். அதைத் துணியில துடைக்கிறது உப்புத்தாள் போடுற மாதிரி. அடுத்த வாரம் இன்னும் நரைப்பு, இன்னும் டீசல்.

ரெண்டாவது, கதவு ஓரத்துல, கண்ணாடி ஓரத்துல இருக்கிற பீடிங் ரப்பர். அதுல பெரும்பாலும் இருக்கிறது ஈபிடிஎம்னு ஒரு ரப்பர். வெயில், மழை எதுக்கும் அசையாது. ஆனா டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் இந்தக் குடும்பம் பட்டா உறிஞ்சிக்கிட்டு ஊதிடும். ஊதினது ஒழுங்கா உட்காராது. ஐப்பசி மழையில கால் மிதியடி நனையுதேன்னு நீங்க ஷோரூம்காரனைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.

மூணாவது, தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்கிற மகராசன்கள். பைக் சைடு பேனல் நிறைய வண்டியில ஏபிஎஸ், ஹெட்லைட் கண்ணாடி பாலிகார்பனேட். இது ரெண்டும் கரைப்பான் பட்டா மயிரிழை மாதிரி விரிசல் விடும். ஸ்க்ரூ போட்ட இடத்துல முதல்ல விடும்.

நான் நிஜமாவே எழுத வந்தது நாலாவது. அந்தப் பையனோட கை.

அன்னிக்கு மலையில இருந்து இறங்கி வந்ததும் நேரா அந்தக் கடைக்குத்தான் போனேன், சண்டை போட. பையன்தான் இருந்தான். பதினெட்டு, பத்தொம்பது இருக்கும். "ஏம்ப்பா பிரேக் பெடல்ல எல்லாம் தடவி வச்சிருக்க?"ன்னு கேட்டேன். "எப்பவும் தடவுறதுதாண்ணே, தடவலைன்னா கஸ்டமர் திட்டுறாங்க"ன்னான். பேசிக்கிட்டே கையைச் சொறியறான். பார்த்தா விரலிடுக்கெல்லாம் தோல் வெடிச்சு, மணிக்கட்டு வரைக்கும் சிவந்து கிடக்கு. எங்க பம்பருக்கு வந்த அதே வெடிப்பு, அவன் கையில. சண்டை போடப் போனவன் வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

டீசல் தோல்ல இருக்கிற இயற்கையான கொழுப்பைக் கழுவி எடுத்துடும். நாள் முழுக்க, மாசக்கணக்கா பட்டா காய்ஞ்சு, வெடிச்சு, கரப்பான் மாதிரி ஆகும். ஓடித் தீர்ந்த என்ஜின் ஆயில் அதை விட மோசம். எரிஞ்ச புகைக்கரியில இருக்கிற நச்சு சேர்மங்கள் அதுலயும் சேர்ந்திருக்கும், தொடர்ந்து தோல்ல பட்டா புற்றுநோய் அபாயம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1775லேயே லண்டன்ல பெர்சிவல் பாட்னு ஒரு அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் பண்ண இறங்குற பையன்களுக்குப் பெரியவனானதும் வர்ற புற்றுநோய்க்குக் காரணம் தோல்ல படியுற கரிதான்னு எழுதி வச்சார். தொழிலால வர்ற புற்றுநோயை உலகம் முதல் முதல்ல அடையாளம் கண்டது இப்படி கரி பூசின பசங்க உடம்புலதான். இருநூத்தம்பது வருஷம் ஆச்சு. நம்ம பம்பர் மின்னணும்னு இன்னொரு பையனை அதே கரியில கை முக்க வைக்கிறோம். கையுறை? கடையில கேட்டேன். சிரிச்சாங்க.

அந்தப் பாட்டில்ல பேரும் கிடையாது. வெறும் தண்ணி பாட்டில். உள்ள இருக்கிறது டீசலா, தின்னரா, வேற ஏதாவதா, மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் சொல்லணும். பேர் ஒட்டாத கேன்ல இருக்கிற கெமிக்கல் என்ன செய்யும்னு இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேல உயிரைக் கொண்டு போச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. ஆனா தண்ணி பாட்டில்ல தண்ணி தவிர வேற எதையும் ஊத்தி வைக்கக் கூடாதுங்கிற ஒரு விஷயத்தையாவது நாம கத்துக்கிட்டிருக்கலாம்.

பழைய வண்டி வாங்கறவங்க கதை தனி. மலைக்கு மேல இருந்து வந்து, கடுக்காய், புளி, மரவள்ளி வித்த காசுல, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒரு பழைய பிக்கப் வாங்கற ஆள் என்ன பார்ப்பார்? என்ஜினைக் கேப்பார், டயரை உதைப்பார், அப்புறம் கருப்பு எல்லாம் கருப்பா இருக்கான்னு பார்ப்பார். "வண்டி வெயில்லயே நிக்கலைங்க, ஷெட்டுலயே இருந்தது"ன்னு புரோக்கர் சொல்றதுக்கு அந்தக் கருப்புதான் சாட்சி. டீசல் போட்டா ஒரு மழையில குட்டு உடைஞ்சிடும்னு இப்ப ஹீட் கன் வந்தாச்சு. பிளாஸ்டிக் மேல அனலைக் காட்டினா மேல்தோல் லேசா உருகி வெடிப்பு மூடிக்கும், மாசக்கணக்கா கருப்பு நிக்கும். ஒரு நொடி கூடினா பம்பர்ல இருக்கிற சொரசொரப்பு டிசைன் வழிஞ்சு போகும், இல்லை கோணிக்கும். புது தோல் எதுவும் முளைக்கலை, அடுத்த வெயில்ல திரும்ப வெடிக்கும். வாங்கப் போறவங்க ஒண்ணு செய்யுங்க. வெளியில தெரியற பம்பரைப் பார்க்காதீங்க, வைப்பர் அடியில, கதவு மடிப்புல, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி விரலை விட்டுத் தேச்சுப் பாருங்க. முன்னாடி கருப்பு, மறைவுல மாவுன்னா புரோக்கர் சொன்ன ஷெட்டுக் கதையை அப்படியே விட்டுட்டு வந்துடுங்க.

கம்பெனிகளையும் சும்மா விட முடியாது. பெயிண்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக் ஒரு காலத்துல ஏழை மாடலுக்கு அடையாளம். மாருதி 800லயும் ஆம்னியிலயும் கருப்பு பம்பர்னா விலை கம்மி வண்டின்னு அர்த்தம். பெயிண்ட் பம்பர்க்காரன் ஒரு படி மேல. அப்புறம் 2012ல டஸ்டர் வந்துச்சு, 2015ல க்விட் வந்துச்சு, ரெண்டும் நம்ம ஒரகடத்துல செஞ்சதுதான். அதே கருப்பு பிளாஸ்டிக் இப்ப வீல் மேல, கதவு கீழ எல்லாம் ஏறி 'எஸ்யூவி லுக்' ஆயிடுச்சு! மிச்சமான பெயிண்டுக்கு நாமதான் கூடக் காசு குடுக்கறோம். ஒரு நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். மலை ரோட்டுல ஜல்லி தெறிச்சா பெயிண்ட் பேரும், இது பேராது. ஆனா இது நாலு கோடையில நரைக்கும்னு, எப்படி கழுவணும்னு விற்கும்போது ஒரு வார்த்தை சொல்றவங்க யாராவது உண்டா? சாவி குடுக்கிற போட்டோவுக்கு மட்டும் எல்லாரும் நிப்பாங்க.

சரி, திட்டினது போதும், நீ என்ன செய்யறேன்னு கேப்பீங்க. போன கோடையில எங்க ஆம்னியோட பின் பம்பரை மாஸ்கிங் டேப் போட்டு பாகம் பிரிச்சேன் (வீட்டுல வச்ச பேருக்கு அன்னிக்கு இன்னொரு அடைமொழி சேர்ந்தது). ஒரு கட்டத்துல டீசல், ஒண்ணுல கருப்பு ஷூ பாலிஷ், ஒண்ணுல தேங்காய் எண்ணெய், ஒண்ணுல கடையில டாஷ்போர்டு பாலிஷ்னு விக்கிற சிலிகான் திரவம், ஒண்ணுல பூசினா காய்ஞ்சு இறுகுற டிரிம் கோட்டிங். ஒரு கட்டத்தை சும்மா விட்டேன். டீசல் அந்த வாரமே மண்ணு மூடிச்சு. ஷூ பாலிஷ் முதல் மழையில வழிஞ்சு நம்பர் பிளேட் மேல கோடு போட்டுச்சு, வழியில சாய்ஞ்சு நின்ன மச்சான் வேட்டியிலயும் கொஞ்சம். தேங்காய் எண்ணெய் பிசுபிசுன்னு ஆகி வாடை அடிச்சுது. சிலிகான் ரெண்டு, மூணு கழுவல் வரைக்கும் பரவாயில்லை. இறுகுற கோட்டிங் மட்டும் மழைக்காலம் தாண்டியும் நின்னுச்சு. ஸ்ப்ரே பெயிண்ட் ஏன் சேர்க்கலைன்னா, அது ஏற்கெனவே பைக் மட்கார்டுல பட்ட பாடு. பாலிபுரொப்பிலீன் மேல சுலபத்துல எதுவும் ஒட்டாது. பிளாஸ்டிக்குக்குன்னு இருக்கிற பிரைமர் போடாம அடிச்சா வெயில்பட்ட முதுகு மாதிரி உரிஞ்சு வரும்.

பூச்சை விட கழுவறதுதான் முக்கியம். நிழல்ல, பிளாஸ்டிக் ஆறினப்புறம் ஆரம்பிக்கணும். பழைய எண்ணெய் ஏறியிருந்தா பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி, மெத்துனு ஒரு நைலான் பிரஷ், டிசைன் போற திசையில தேய்க்கணும். இடுக்குக்கு டூத் பிரஷ். அலசிட்டு, மேல நிக்கற தண்ணியில வானவில் கலர் தெரிஞ்சா இன்னும் எண்ணெய் இருக்குன்னு அர்த்தம், திரும்ப ஒரு கை. காய்ஞ்சதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சரிபாதி கலந்து வெள்ளைத் துணியில நனைச்சுத் துடைங்க. துணி கருப்பா வரும், பயப்படாதீங்க, பல வருஷ டீசலும் செத்த தோலும் வருது. துணி சுத்தமா வர்ற வரைக்கும் மாத்தி மாத்தித் துடைக்கணும். வெள்ளைத் திட்டா பழைய வேக்ஸ் இடுக்குல இருந்தா பென்சில் ரப்பர் போதும். அப்புறம்தான் கோட்டிங், அதுவும் மெல்லிசா, மறைவான ஒரு மூலையில முதல்ல போட்டுப் பார்த்துட்டு. மிச்சத்தைத் துடைச்சு எடுத்துட்டு ஒரு நாள் தண்ணி படாம வைங்க. எனக்கு ஆம்னிக்கு மொத்தம் அரை நாள் ஆச்சு. பெடல், ஃபுட்ரெஸ்ட், கிரிப், சீட், டயர் பட்டை இதுல எல்லாம் எதுவும், திரும்ப சொல்றேன், எதுவும் தடவக் கூடாது. வெறும் சோப்பும் தண்ணியும்தான்.

இவ்வளவு மெனக்கெட நேரம் இல்லையா? நரைச்சபடியே விடுங்க. நரைச்ச பம்பர் மைலேஜைக் குறைக்காது, போலீஸ் பிடிக்காது. நமக்கு நாற்பது தாண்டினா நரைக்கலையா? டை அடிக்கிறவங்க அடிக்கலாம், அடிக்காதவங்க கம்பீரமா நடக்கலாம். தலையில டீசல் தடவிக்கிட்டு யாரும் ஆபீசுக்குப் போறதில்லையே.

கடை ஓனர்கிட்டயும் பேசினேன். நல்ல மனுஷன். பொறுமையா கேட்டுட்டு சொன்னார்: "நீங்க சொல்றது சரிதாங்க. எனக்கும் டீசல் செலவு மிச்சம். ஆனா தடவாம குடுத்தா 'என்னய்யா வெறும் தண்ணிதான் அடிச்சியா'ன்னு கேட்டு அடுத்த தடவை எதிர்க்கடைக்குப் போயிடறாங்க. மினுமினுப்புக்குத்தான் காசு, கழுவினதுக்கு இல்லை." இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த இருபது ரூபா டீக்காசு குடுத்தவனும் நான்தானே. ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். பையன் ரெண்டு நாள் போட்டுப் பார்த்துட்டு, "உள்ள வேர்க்குதுண்ணே"ன்னான். இப்ப டீசல் தொடும்போது மட்டும் போடறான்.

போன வாரம் வண்டியை விடப் போனேன். என்னைப் பார்த்ததுமே பாட்டிலை எடுத்து ஓரமா வச்சுட்டு பிரஷ்ஷை எடுத்தான். பக்கத்துல எக்ஸெல்லோட நின்ன பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு கேட்டார்:

"ஏந்தம்பி, அவரு வண்டிக்குத் தடவலையா?"

"அவருக்கு வேணாமாங்க."

"அப்படியா? அப்ப அவரோடதையும் சேத்து எனக்கே ரெண்டு கை தடவிடு."